கண்ணுக்குப் போகாத மருந்து

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆலுவானின் மருந்து மாற்றப்பட்டது. மாற்றச் சொன்னவள் யூஜென். நேரம் இவ்வளவு துல்லியமாக எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம், பிற்பாடு அவள் அதை என்னிடம் எத்தனையோ தடவை சொன்னதுதான்.

நான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் மாடி வார்டில் நர்ஸ். யூஜென் கீழே மருந்தகத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரி முழுக்க எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. தினமும் காலையில் அவள் திரையில் நாற்பது, நாற்பத்தைந்து பெயர்கள் வரும். யாருக்கு என்ன கிருமி, என்ன மருந்து, எத்தனை நாளாக ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கிருமிக்குத் தேவையானதைவிடப் பெரிய, பலவகைக் கிருமிகளையும் கொல்லும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டுச் சின்னதாக மாற்றச் சொல்வாள். தொற்றுநோய் நிபுணர் பக்கத்துப் பெரிய நகரமான சியாயியிலிருந்து திங்களும் வியாழனும் மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் அவள் தலையில்தான்.

டாக்டர்களுக்கு அவளிடம் கொஞ்சம் பயம். அவள் கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று பேருக்கு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி வந்தது. பரிசோதனை அறிக்கையில் பதினேழு மருந்துகளின் பெயர். பதினேழுக்கும் எதிரே 'பயனில்லை'. மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். பெரிய மருந்துகளைக் கண்டபடி கொடுத்துக் கொடுத்துத்தான் கிருமிகள் இப்படிப் பழகிவிடுகின்றன என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆலுவான் தொடக்கப் பள்ளிக்கு எதிரே காலை உணவுக் கடை வைத்திருப்பவள். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாகத் தட்டையான இரும்புக் கல்லில் முட்டை தோசையும் முள்ளங்கிக் கேக்கும் திருப்பிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வார்டில் பாதிப் பேர் அவள் கடையில் வாங்கித்தான் வேலைக்கு வருவோம். அது மூன்றாம் சந்திர மாதம், கடல் காக்கும் மாசு தேவிக்கு நடைப்பயணம் வருகிறவர்கள் ஊரை நிறைத்திருந்த சமயம். குளிரும் காய்ச்சலுமாக நான்கு நாள் அவள் கல்லடியை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்டி கையிலிருந்து நழுவ, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவர் ஷியுங் அவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் பார்த்தபோது சுகர் முந்நூற்றெண்பது. சிறுநீரில் வெள்ளணுக்கள் நிறைய. அடிக்கடி சிறுநீர் போகிறது என்றும் சொன்னாள். சர்க்கரை நோயுள்ள நடுவயதுப் பெண், காய்ச்சல், சிறுநீரில் கோளாறு. வாரத்துக்கு ஐந்து பேர் இப்படி வருவார்கள். சிறுநீர்த் தொற்று என்று எழுதி, ரத்தமும் சிறுநீரும் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்தைத் தொடங்கி, எங்கள் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

செவ்வாய் காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிளெப்சியெல்லா என்ற கிருமி. முரட்டுத்தனமில்லாத ரகம்; சாதாரண மருந்துகள் எல்லாவற்றுக்கும் அடங்குவது. யூஜென் வார்டு டாக்டர் போஷூவைக் கூப்பிட்டாள். போஷூ இரண்டாம் வருடப் பயிற்சி டாக்டர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் அவன் பக்கத்தில் மருந்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

செஃபாசோலின் போதும் என்றாள் யூஜென். அதே குடும்பத்தில் பழைய, சின்ன மருந்து. இந்தக் கிருமிக்கு அதுவே தாராளம்.

"இன்னும் ரெண்டு நாள் இதே ஓடட்டுமேக்கா. காய்ச்சல் முழுசா விடல."

"ரெண்டு நாள்ல விடாது. மூணு நாளாகும். வேற என்ன காரணம்?"

"காரணம்னு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பயமா இருக்கு."

"பயத்துக்கெல்லாம் மருந்து எழுத முடியாது போஷூ."

அவன் என்னைப் பார்த்து அசடு வழிந்தான். பிறகு மாற்றினான். புத்தகத்தின்படி யூஜென் சொன்னதில் தப்பே இல்லை. சிறுநீரிலிருந்து ரத்தத்துக்குப் போன கிளெப்சியெல்லாவுக்கு அதுதான் சரியான மருந்து.

புதன்கிழமை காலை சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை.

அந்த ஒரு வரியை யூஜென் பத்து மணிக்குப் பார்த்தாள். சிறுநீரிலிருந்து ரத்தத்துக்குப் போன கிருமி என்றால் சிறுநீரில் அது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது எங்கிருந்து வந்தது? உடனே அவளே சமாதானமும் கண்டுபிடித்தாள்: அவசரப் பிரிவில் ஊசி போட்ட பிறகு கிருமிப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்திருப்பார்கள். பதிவைத் திறந்து பார்த்தாள். ஊசி இரண்டு பத்துக்கு. சிறுநீர் இரண்டு நாற்பதுக்கு. நினைத்தது சரி. அடுத்த பெயருக்குப் போனாள்.

போனாளே தவிர மனசு போகவில்லை. அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கிருமிகூட மிஞ்சாமல் செத்துவிடுமா? செத்திருக்கலாம். அப்படி அவளே முன்பு பார்த்திருக்கிறாள். ஆனால் எத்தனை தடவை? பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டாள். அதெல்லாம் சகஜம் என்றார் அவர். அதுவும் ஒரு சமாதானம். இரண்டு சமாதானங்கள் கைவசம் இருந்தும், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் பன்றி இறைச்சியைச் சாப்பாட்டுக் குச்சியால் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி மூடினாள். நிபுணர் நாளைக்குத்தான் வருவார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒன்றரை மணிக்கு எனக்குப் போன் செய்தாள்.

"பன்னெண்டாம் படுக்கை, ஆலுவான். காய்ச்சல் எவ்வளவு?"

"முப்பத்தெட்டு புள்ளி ஆறு. காலைல இன்னும் ஜாஸ்தி இருந்துச்சு."

போனை வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து நின்றாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மருந்தகத்து ஆட்கள் வார்டுக்கு அதிகம் வருவதில்லை. கோப்பு, திரை, போன், அதோடு சரி. எங்கே நிற்பது என்று தெரியாதவள் மாதிரி நான் போன இடமெல்லாம் பின்னாலேயே வந்தாள்.

ஆலுவான் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஷியுங் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். யூஜென் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"ஓ, மருந்துக்காரியா? உன் மருந்து வேலை செய்யலியே பொண்ணு," என்றாள் ஆலுவான். வெறும் கிண்டல்தான். யூஜெனின் காது சிவந்தது.

எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டாள். சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா? இல்லையாம். இடுப்பில் வலி? அதுவும் இல்லையாம். அப்படியென்றால் வலியே இல்லையா?

"வலி இல்லாம என்ன. இந்தத் தோள்பட்டை பத்து நாளா கொல்லுது." வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "அது தோசை திருப்பித் திருப்பி வந்தது. அதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?"

"வலி பிளாஸ்டர் ஒட்டினோம். கேக்கல," என்றார் ஷியுங்.

"மூச்சை நல்லா இழுத்தா அதிகமாகுதா?"

ஆலுவான் இழுத்துப் பார்த்தாள். பாதியிலேயே முகம் சுருங்கியது. "ஆமா," என்றாள், அதை அப்போதுதான் கவனித்தவள் மாதிரி.

கல்லீரலுக்கு மேலே உதரவிதானம் புண்பட்டால் வலி தோளில் தெரியும். இது எனக்கும் தெரியும். நர்ஸிங் பள்ளியில் பரீட்சைக்குப் படித்தது. மூன்று நாளாக அந்தத் தோளில் நான்தான் பிளாஸ்டர் மாற்றி ஒட்டினேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? தோசைக் கரண்டி பிடித்த அந்தக் கையை எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன், அதனால்தான்.

யூஜென் போஷூவைக் கூப்பிடச் சொன்னாள். சிறிய ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், இப்போதே என்றாள். அவன் வருவதற்குள் இன்னொன்றும் கேட்டாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"அத்தை, பார்வையெல்லாம் சரியா இருக்கா?"

"கண்ணுக்கென்ன. போன்தான் மங்கலா கிடக்கு. இவர் எண்ணெக் கையால தொட்டுத் தொட்டு."

"நான் எத்தன தடவ துடைச்சுக் குடுத்தேன்," என்றார் ஷியுங்.

யூஜென் அவளுடைய இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். என் சட்டையிலிருந்த பெயர் அட்டையைப் படிக்கச் சொன்னாள். ஆலுவான் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"சோயாப்பால் அண்டாவத் திறந்த மாதிரி இருக்கு. ஒரே ஆவி."

"எப்போலேருந்து?"

"நேத்துக் காலைல போனை எடுக்கும்போது... நேத்துத்தான்."

போஷூ கருவியை அவள் வலது விலாவுக்குக் கீழே வைத்ததும் கல்லீரல் திரையில் வந்தது. அதன் நடுவே கறுப்பாக, ஓரம் கிழிந்த மாதிரி ஒரு குழி. அளந்தான். ஆறரை சென்டிமீட்டர். சீழ்க்கட்டி. திரையை யூஜென் பக்கம் திருப்பினான்.

இந்தக் கிருமி எங்கள் நாட்டில் இப்படி வருவதுண்டு. சர்க்கரை உள்ளவர்களின் கல்லீரலில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து ரத்தம் வழியாகக் கண்ணுக்கோ மூளைக்கோ போகும். கண்ணுக்குப் போனால் பார்வை பறிபோக நாள் கணக்கில்லை, மணிக்கணக்கு. யூஜென் கொடுக்கச் சொன்ன செஃபாசோலின் கிருமியைக் கொல்லும், ஆனால் கண்ணுக்குள்ளே அது சரியாகப் போகாது. முதலில் ஓடிக்கொண்டிருந்த மருந்துதான் ஓரளவாவது போகும். சிறுநீர்த் தொற்றுக்குச் சரியான மருந்து இதற்குச் சரியில்லை. கிருமி ஒன்றேதான், மாறியது இடம். அந்த இடத்தைத்தான் யாரும் பார்த்திருக்கவில்லை.

யூஜென் கீழே ஓடினாள். முதலில் ஓடிய செஃப்ட்ரியாக்சோனை இரண்டு மடங்கு அளவில் அவளே கலந்து கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். பையை என்னிடம் நீட்டினாள். எங்கள் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் செவ்வாய் மட்டும்தான் உட்காருவார். மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்த வேண்டும், சியாயிக்கு அனுப்பியாக வேண்டும். போஷூ போனில் பேசினான். அங்கிருந்து உடனே வரச் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். தேவியின் ஊர்வலம் வந்த நாள். கோயில் தெருவிலிருந்து மேம்பாலம் வரை பல்லக்கும் கொடியும் பட்டாசும். சைரனுக்கு ஜனங்கள் ஒதுங்கத்தான் செய்தார்கள், ஆனால் ஒதுங்க இடம் வேண்டுமே. டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, முன்பு கரும்பு ஏற்றிப் போன பழைய ரயில் பாதையை ஒட்டிய வயல் சாலையில் விட்டார். இருபது நிமிடம் வீண். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் என் போன் அடித்தது. யூஜென்தான்.

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் வயல்லதான்."

"பார்வை?"

நான் ஆலுவானின் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டினேன். வண்டி ஏறும்போது எத்தனை விரல் என்று சொன்னாள். சியாயி எல்லை வந்தபோது கை அசைகிறது என்று மட்டும் சொன்னாள். அதை யூஜெனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

ஐந்தரைக்குக் கண் டாக்டர் ஊசி போட்டார். வயதான, அதிகம் பேசாத மனுஷி. எப்போதிலிருந்து மங்கல் என்று அவரும் கேட்டார். ஆலுவான் யோசித்து, நேற்றுச் சாயங்காலம் என்றாள். மதியம் வார்டில் காலை என்றவள் இப்போது சாயங்காலம் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காலை என்றால் மருந்து மாற்றுவதற்கு முன்பே கிருமி கண்ணுக்குள் போய்விட்டது. சாயங்காலம் என்றால்?

ஊருக்குத் திரும்பியதும் இதை யூஜெனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டாள், நான் சொல்லிவிட்டேன். அவள் மருந்தக வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பதினொன்று ஐம்பத்திரண்டு என்றாள்.

மறுநாள் கல்லீரலில் குழாய் வைத்துச் சீழை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. கண்ணுக்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். தொற்றுநோய் நிபுணர் கோப்பை முழுவதும் படித்துவிட்டு, இருந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் யூஜென் செய்தது தவறில்லை என்றார்; ஸ்கேன் பண்ணாததுதான் குறை என்றார். போஷூ உடனே அது தன் குறை என்றான். நான் பிளாஸ்டரைப் பற்றிச் சொன்னேன். ஆளாளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டோம். யூஜெனுக்கு அதனால் பாரம் ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை. அந்த வாரம் யார் மருந்தையும் அவள் குறைக்கச் சொல்லவில்லை. பெரிய மருந்துகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதுவும் அவளுக்கு உறுத்தியது.

சனிக்கிழமை அவள் சியாயிக்குப் போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். ரயிலில் வழி முழுக்க ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: காலையா சாயங்காலமா என்று ஆலுவானிடம் கேட்கவே கூடாது. கேட்டால் அது தனக்காகக் கேட்பது. அவள் கண்ணுக்கு அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஆலுவானின் வலது கண்ணில் கட்டு. ஷியுங் எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார். யூஜென் உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை மருந்தை மாற்றச் சொன்னது தான்தான் என்றாள். மாற்றிய மருந்து கண்ணுக்குள் போகாது, அது சிறுநீர்த் தொற்று என்று நம்பி மாற்றினேன், மேலே வந்து ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், வரவில்லை, மன்னியுங்கள் என்று சொல்லித் தலை குனிந்து நின்றாள். ஷியுங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ஆலுவான்தான் பேசினாள். "மாத்தாம இருந்திருந்தா கண்ணு நல்லா இருந்திருக்குமா?"

"தெரியாது அத்தை."

"தெரியாதா?"

"முன்னாடியே போயிருக்கலாம். அப்புறமும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

"அதுக்காகத்தான் அந்தக் கண் டாக்டரம்மா எப்போ எப்போன்னு கேட்டாங்களா?"

ஆலுவான் ஒற்றைக் கண்ணால் யூஜெனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா காலைலன்னே வச்சுக்கோயேன். எனக்கும் சரியா ஞாபகம் இல்ல."

"வேணாம் அத்தை," என்றாள் யூஜென். "அப்படிச் சொல்லாதீங்க."

"சரி, சொல்லல." ஆலுவான் தலையணையில் சாய்ந்துகொண்டாள். "ஆனா எனக்குக் கோவமும் இருக்கு, தெரிஞ்சுக்கோ. இன்னிக்கு வந்து நிக்கிறியே, செவ்வாக்கெழம வந்திருக்கலாமில்ல. அஞ்சு மாடிதானே."

"ஆமா."

"அத மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. உக்காரு. ஏன் நின்னுகிட்டே இருக்கே?"

யூஜென் உட்கார்ந்தாள். ஷியுங் கடைசிவரை எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது மட்டும் லிஃப்ட் வரைக்கும் வந்து, பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

நான்கு வாரம் ஊசி மருந்து ஓடியது. கண்ணை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் பயந்தார்கள், எடுக்கவில்லை. ஜூன் மாதவாக்கில் கடை திறந்தது. வலது கண்ணுக்கு ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. முட்டை தோசை முன்பு மாதிரி வட்டமாக வருவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்கிறாள். யூஜென் அந்தக் கடையில்தான் இப்போதும் வாங்குகிறாள். ஷியுங்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பேச்சு கிடையாது.

யூஜென் மறுபடியும் மருந்துகளைக் குறைக்க ஆரம்பித்தாள். குறைக்காமலும் முடியாது; அடங்காத கிருமி இன்னும் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்று வந்தால் மட்டும் முதலில் மாடி ஏறுவாள். போன மாதம் பூண்டு விவசாயி ஒருவர், எழுபது வயது, எங்கள் வார்டில் படுத்திருந்தார். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, கல்லீரல் சுத்தம், கிருமி சிறுநீரிலும் வளர்ந்திருந்தது. சின்ன மருந்து போதும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இருந்தும் யூஜென் வந்து அவர் ஒரு கண்ணை மூடி என் பெயர் அட்டையைப் படிக்கச் சொன்னாள். பிறகு மறு கண்ணை.

"என்னம்மா, என்னைக் குருடன்னு நெனச்சியா?" என்று கிழவர் எரிந்து விழுந்தார்.

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, போஷூவிடம் மருந்தை மாற்றலாம் என்றாள். கீழே இறங்கிப் போனாள். நான்கு மணிக்கு மறுபடியும் படிக்கட்டுக் கதவு திறந்தது. கிழவர் அவளைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பாகவே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என் பெயரைச் சத்தமாகப் படித்தார்.